மொட்டை மாடியில் நிற்கும் பழைய டிவி ஆன்டெனாவை எடைக்குப் போடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் ஒரு டிவி ஆன்டெனா பல வருடங்களாகச் சும்மா நின்றுகொண்டிருந்தது. துணி காயப்போடும் கொடியின் ஒரு முனையை அதன் குழாயில்தான் கட்டியிருப்பார்கள், மேலே காக்கா வந்து உட்காரும், அவ்வளவுதான் அதற்கு வேலை. தண்ணீர்த் தொட்டி மாற்ற ஆள் வந்தபோது, "இதையும் கழற்றி எடைக்குப் போட்டுடலாமா" என்று கேட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். இன்றைக்கு அதே அலுமினியக் குழாய்கள் அதே மாடியில் கோடை பண்பலை 100.5-ஐக் கரகரப்பே இல்லாமல் இழுத்துத் தருகின்றன, மிச்சமிருந்த கம்பிகளில் செய்த இன்னொரு சின்ன ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே போகும் விண்வெளி நிலையத்தின் ஒலியைக் கேட்கிறோம்.

இதை எப்படிச் செய்வது என்பதைவிட, இது ஏன் சாத்தியமாகிறது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அது புரிந்துவிட்டால் செய்முறையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

டிவி ஆன்டெனா என்று நாம் பேர் வைத்திருக்கிறோமே தவிர, அந்தக் கம்பிகளுக்கு டிவி எது ரேடியோ எது என்று தெரியாது. கம்பிக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதன் நீளம். ரேடியோ அலை வினாடிக்கு 30 கோடி மீட்டர் ஓடுகிறது. கோடை பண்பலை 100.5 மெகா ஹெர்ட்ஸ் என்றால், அந்த அலை வினாடிக்குப் பத்துக் கோடியே ஐந்து லட்சம் தடவை ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். 30 கோடியை அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 3 மீட்டர் வரும். ஒரு அலையின் நீளம் அதுதான். அதில் பாதி நீளத்துக்கு ஒரு கம்பியை வெட்டி வைத்தால், அந்த அலை வந்து மோதும்போது கம்பிக்குள் மின்சாரம் முன்னும் பின்னும் ஓட எடுத்துக்கொள்ளும் நேரமும் அலை ஏறி இறங்கும் நேரமும் ஒத்துப்போகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக உயரப் போகிறதே, அதே சங்கதி. நீளம் பொருந்தாவிட்டாலும் கொஞ்சம் கிடைக்கும், பொருந்தினால் நிறையக் கிடைக்கும்.

கணக்கும் சுலபம். 143-ஐ உங்களுக்கு வேண்டிய மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் வந்துவிடும். 150-ஐ அல்லவா வகுக்க வேண்டும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். உண்மையான கம்பிக்குப் பருமன் உண்டு, அதன் முனைகளில் மின்புலம் கொஞ்சம் வெளியே வழிகிறது, அதனால் சுத்தமான பாதி அலையைவிட ஐந்து சதவீதம் போல் குட்டையாக வைத்தால்தான் சரியாக ஒத்துப்போகும். 143 என்ற எண் அப்படி வந்தது. 100.5-க்குப் போட்டுப் பாருங்கள், 1.42 மீட்டர்.

இப்போது மாடிக்குப் போய் உங்கள் ஆன்டெனாவைப் பாருங்கள். நடுவில் ஒரு நீளமான தண்டு, அதன் மேல் குறுக்காக மீன் முள் மாதிரி கம்பிகள். அந்தக் கம்பிகளில் ஒன்று மட்டும் தட்டையான வளையம் போல மடங்கியிருக்கும், அதில்தான் ஒயர் மாட்டியிருப்பார்கள். அதற்கு மடிப்பு டைபோல் என்று பேர். அலையிலிருந்து எடுத்ததை டிவிக்கு அனுப்புவது அது ஒன்றுதான். மற்ற எந்தக் கம்பியிலும் ஒயரே இருக்காது. சின்ன வயதில் அவையெல்லாம் அழகுக்கு என்றே நினைத்திருந்தேன், பின்னால் விஷயம் தெரிந்தபோது பெரிய ஆச்சரியமாக இருந்தது. டைபோலுக்குப் பின்னால் இருக்கும் கம்பி அதைவிடக் கொஞ்சம் நீளம், அது ரிஃப்ளெக்டர். முன்னால் இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டை, அவை டைரக்டர்கள். அலை வந்ததும் இந்தக் கம்பிகளிலும் மின்சாரம் ஓடும், அவையும் தங்கள் பங்குக்கு அலையைத் திரும்ப வெளியே விடும். நீளத்தில் இருக்கும் சின்ன வித்தியாசத்தால் ஒன்று சற்று முந்தியும் ஒன்று சற்றுப் பிந்தியும் விடுகிறது. முன்பக்கத்திலிருந்து வரும் அலைக்கு இவை எல்லாம் டைபோலில் ஒன்றுகூடுகின்றன, பின்பக்கத்திலிருந்து வருவதற்கு ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அதனால்தான் இந்த ஆன்டெனாவுக்கு முகம் என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்ப, கீழே இருந்து "வருது வருது, ஐயோ போச்சு" என்று கத்திய காலம் உங்களுக்கு ஞாபகம் இருந்தால், அந்த முகத்தை நிலையத்தின் பக்கம் திருப்பும் வேலையைத்தான் அன்று செய்துகொண்டிருந்தோம்.

இந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் செண்டாய் நகரத்தில் தொஹோகு பல்கலைக்கழகத்தில் இருந்த ஷின்டாரோ உடாவும் அவருடைய பேராசிரியர் ஹிடெட்சுகு யாகியும். 1926-இல் வெளியிட்டார்கள். யாகி-உடா ஆன்டெனா என்பதுதான் முறையான பெயர், பேச்சு வழக்கில் யாகி என்று சுருங்கிவிட்டது. நிறைய உழைத்தவர் உடா, பெயர் நின்றது யாகிக்கு. எனக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு, அதனால் முடிந்தபோதெல்லாம் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்வேன்.

சரி, உங்கள் மாடியில் இருப்பது எந்த வகை? டேப் எடுத்து அளந்தால் போதும். தூர்தர்ஷன் அந்தக் காலத்தில் இரண்டு பட்டைகளில் ஒளிபரப்பியது. ஒன்று 47 முதல் 68 மெகா ஹெர்ட்ஸ் வரை, அதற்கான கம்பிகள் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமாக இருக்கும். இன்னொன்று 174 முதல் 230 வரை, அதன் கம்பிகள் முக்கால் மீட்டர் அளவில் இருக்கும். சிலர் இரண்டையும் ஒரே குழாயில் மேலும் கீழுமாக மாட்டியிருப்பார்கள், தென் மாவட்டங்களில் சில வீடுகளில் இரண்டு ஆன்டெனா இரண்டு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எங்கள் பக்கத்தில் ஒன்று கொடைக்கானலைப் பார்க்கும், இன்னொன்று இலங்கையைப் பார்க்கும். இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது, அதன் முக்கிய ஒளிபரப்புக் கோபுரம் பிதுருதலாகல மலையில், அது இலங்கையின் உச்சி, 2,524 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து விட்டாலும் நேர்கோட்டில் 200 கிலோமீட்டர் சொச்சம்தான் எட்டும், காரைக்குடி அதைப்போல இரண்டு மடங்கு தூரம். ஆனாலும் சில நாள் படம் கண்ணாடி மாதிரி விழுந்ததற்குக் காரணம் கடல். கடலை ஒட்டிய காற்று குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருந்து, அதன் மேல் சூடான உலர்ந்த காற்று மூடி போட்டது போலப் படிந்தால், அலை மேலே தப்பிப் போகாமல் நடுவில் மாட்டிக்கொண்டு குழாய்க்குள் போவது போல நெடுந்தூரம் ஓடும். மறுநாள் காற்று மாறினால் வெறும் புள்ளி மழைதான்.

தூர்தர்ஷனின் பழைய அனலாக் தரைவழி நிலையங்களை, சில முக்கிய இடங்கள் தவிர, 2022 மார்ச்சுக்குள் மூடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. ஆகவே இந்தக் கம்பிகள் எதிர்பார்த்து நின்ற அலை இப்போது அநேகமாக எங்கும் இல்லை. ஆனால் அலுமினியம் கெடவில்லை. கடற்கரையோரம் தவிர மற்ற இடங்களில் முப்பது வருடம் மழையில் நனைந்த குழாயை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உள்ளே புதுசாகவே மின்னும்.

எதையும் தொடும் முன் கழற்றுவதைப் பற்றி இரண்டு வார்த்தை, இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஆன்டெனா நிற்கும் இரும்புக் குழாயின் அடி பெரும்பாலும் துருப்பிடித்திருக்கும், இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஒன்றை அவிழ்த்ததும் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாயும். பக்கத்தில் மின்கம்பி போகிறதென்றால், குழாய் முழு நீளத்துக்கும் விழுந்தால் எட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எட்டும் என்று லேசாகச் சந்தேகம் வந்தாலே நிறுத்திவிட்டு, மின்வாரிய ஆளையோ அனுபவமுள்ளவரையோ கூப்பிடுங்கள். குறைந்தது இரண்டு பேர் வேண்டும், மேகம் கருத்திருக்கும் நாளில் வேண்டவே வேண்டாம்.

முதல் வேலையாக எஃப்.எம். ஆன்டெனா செய்வதைத்தான் யாருக்கும் சொல்வேன். காரணம், தவறு நடந்தால் காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம், எந்தக் கருவியும் தேவையில்லை. கோடை பண்பலை இதற்கு அருமையான இலக்கு. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். ஒரு கோபுரத்தின் உயரத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 4.12-ஆல் பெருக்கினால் அதன் அலை எத்தனை கிலோமீட்டர் போகும் என்று தோராயமாகத் தெரியும், 2,100-க்கு அது 190 கிலோமீட்டர் அளவு வருகிறது. காரைக்குடி கொடைக்கானலுக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே 140 கிலோமீட்டர். கணக்குப்படி எட்ட வேண்டும். ஆனால் நடுவே சிறுமலை மாதிரி குன்றுகள் மறிப்பதால் போன் ரேடியோவில் வெறும் இரைச்சலும் நடுவில் ஒரு வரிப் பாட்டும்தான் வரும். இந்த மாதிரி "இருக்கிறது, ஆனால் போதவில்லை" என்ற இடத்தில்தான் யாகி-உடா தன் திறமையைக் காட்டும். மூன்று கம்பி வைத்தால் தனி டைபோலைவிடச் சுமார் மூன்று மடங்கு சக்தியை அந்தத் திசையிலிருந்து எடுத்துத் தரும்.

அளவுகள் இவை: பின்னால் ரிஃப்ளெக்டர் 150 செ.மீ., நடுவில் டைபோல் 142 செ.மீ., முன்னால் டைரக்டர் 134 செ.மீ., ஒவ்வொன்றுக்கும் இடையே 60 செ.மீ. உங்கள் ஊரில் வேறு நிலையம் வேண்டுமென்றால் 143-ஐ அதன் எண்ணால் வகுத்து டைபோலைக் கண்டுபிடித்து, ரிஃப்ளெக்டருக்கு ஐந்து சதவீதம் கூட்டி, டைரக்டருக்கு ஐந்து சதவீதம் குறைத்தால் சரியாக இருக்கும். ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

நீளக் கம்பி ஆன்டெனா கிடைத்தவர்களுக்கு வேலை சுலபம், இரும்பு அறுக்கும் பிளேடால் அறுத்தால் முடிந்தது. குட்டைக் கம்பி கிடைத்தவர்கள் கவலைப்பட வேண்டாம், நாம் செய்யும் டைபோல் நடுவில் பிரிந்த இரண்டு நேர்க் கைகள், ஒரு கை 71 செ.மீ.தான், பழைய முக்கால் மீட்டர் கம்பி இரண்டு எடுத்தால் இரண்டு கையும் ஆயிற்று. மற்ற இரண்டுக்கும் கம்பிகளை ஒட்டுப்போட வேண்டும். குழாய் உள்ளே காலியாக இருப்பதால் அதற்குள் இறுக்கமாகப் போகும் சின்ன அலுமினியக் கம்பியை நுழைத்து இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போடலாம், அல்லது இரண்டின் முனைகளும் பத்து சென்டிமீட்டர் ஒன்றன் மேல் ஒன்று படியும்படி வைத்து ஹோஸ் கிளிப் இரண்டு போட்டு இறுக்கலாம். எப்படிச் செய்தாலும் சேரும் இடத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். அலுமினியத்தின் மேல் படியும் வெள்ளைப் பொடி மின்சாரத்தை விடாது.

பழைய மடிப்பு டைபோலை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். அது வேறு நீளத்துக்கு மடித்தது, அதை வெட்டி மறுபடி வளைப்பது முதல் முறை செய்பவருக்குத் தலைவலி. நேர்க் கம்பி இரண்டு போதும். ஆன்டெனாவும் ஒயரும் அலைக்குக் காட்டும் மின்மறுப்பு ஒத்துப்போனால்தான் அலை நஷ்டமில்லாமல் இறங்கும், அதை ஓம் கணக்கில் சொல்வார்கள். மடிப்பு டைபோல் 300 ஓம், அதனால்தான் அந்தக் காலத்தில் தட்டையான ரிப்பன் ஒயர் மாட்டினார்கள், அதுவும் 300 ஓம். நேர் டைபோல் தனியாக இருந்தால் 73 ஓம் அளவு, நம் கேபிள் டிவிக்காரர் போடும் ஆர்ஜி-6 ஒயர் 75 ஓம். யாகியில் பக்கத்துக் கம்பிகள் இருப்பதால் இது இன்னும் இறங்கும், பொருத்தம் அச்சாக இருக்காது, ஆனால் கேட்பதற்கு மட்டும் என்றால் அந்த நஷ்டம் பெரிதில்லை. வெயிலில் கிடந்து வெடித்த ரிப்பன் ஒயரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அது மழை பெய்தால் அலையைத் தின்னும்.

ரிஃப்ளெக்டரும் டைரக்டரும் நடுத்தண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம். கம்பியின் சரியான நடுப்புள்ளியில் மின்னழுத்தம் பூஜ்யம் என்பதால் அங்கே உலோகம் பட்டால் எதுவும் கெடாது. டைபோலின் இரண்டு கைகள் மட்டும் ஒன்றையொன்றும் தொடக் கூடாது, தண்டையும் தொடக் கூடாது. நான் காய்கறி வெட்டும் பழைய பிளாஸ்டிக் பலகையில் ஒரு துண்டு அறுத்து, அதன் மேல் இரண்டு கையையும் இரண்டு செ.மீ. இடைவெளியில் பொருத்தினேன், மொத்த 142 செ.மீ. இந்த இடைவெளியையும் சேர்த்துத்தான். கேபிளின் நடுக்கம்பி ஒரு கைக்கு, மேலே சுற்றியிருக்கும் வலை இன்னொரு கைக்கு. அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டாது, அதனால் பற்றவைக்க முயற்சி செய்து நேரத்தை வீணாக்காமல் எவர்சில்வர் ஸ்க்ரூவும் வாஷரும் போட்டு இறுக்குங்கள். தாமிரமும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு மழையில் நனைந்தால் சில மாதத்தில் அரித்துவிடும், நடுவில் எவர்சில்வர் வாஷர் வைத்து, எல்லாம் முடிந்ததும் மேலே எம்-சீல் அப்பிவிடுங்கள். முதல் தடவை நான் இதைச் செய்யாமல் விட்டேன், ஐப்பசி மழை முடிந்ததும் சத்தம் பாதியாகக் குறைந்தது, கழற்றிப் பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கடைசியாக, கேபிளை டைபோலுக்குப் பக்கத்திலேயே கையகலத்துக்கு ஐந்தாறு சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள். கேபிளின் வெளிப்பக்கமே இன்னொரு ஆன்டெனா மாதிரி குப்பையை இழுப்பதை அந்தச் சுருள் தடுக்கும்.

கீழே எதில் மாட்டுவது? பழைய கார் ஸ்டீரியோ ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல ரேடியோ இந்த வேலைக்கு இல்லை. ஆன்டெனாவுக்கு என்று தனிச் சொருகு இருக்கும், 12 வோல்ட் அடாப்டர் போட்டால் ஓடும். வீட்டு ரேடியோவில் இழுக்கும் கம்பி மட்டும்தான் இருக்கிறது என்றால் கேபிளின் நடுக்கம்பியை ஒரு கிளிப் வைத்து அதில் மாட்டிப் பாருங்கள், அதுவும் ஓரளவு வேலை செய்யும்.

மாடியில் ஏற்றும்போது குறுகிய டைரக்டர் பக்கம் நிலையத்தைப் பார்க்க வேண்டும், எங்களுக்கு நேர் மேற்கு. கம்பிகள் படுத்திருக்க வேண்டுமா நின்றிருக்க வேண்டுமா என்பதை மட்டும் இரண்டு விதமாகவும் வைத்துக் கேட்டு முடிவு செய்யுங்கள். டிவி அலை படுக்கைவாக்கில் வந்தது, எஃப்.எம். நிலையங்கள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நிற்கவைப்பதாக இருந்தால் மேல் ஒன்றரை மீட்டருக்கு இரும்புக் குழாய்க்குப் பதில் பிவிசி குழாயோ மரமோ போடுங்கள், இல்லாவிட்டால் தாங்கும் குழாயே நாலாவது கம்பியாகி அலையைக் கெடுக்கும். இடி மின்னல் காலத்தில் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுவதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள், மாடிக் குழாய்க்குத் தனியாகத் தரையிணைப்பும் கொடுங்கள்.

இது முடிந்ததும் கை சும்மா இருக்காது. அடுத்ததாக, சர்வதேச விண்வெளி நிலையம். பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டரில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகிறது, அதில் இருக்கும் அமெச்சூர் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவோருக்கான கருவி, 145.800 மெகா ஹெர்ட்ஸில் நம்மோடு பேசுகிறது. சில நாட்களில் பள்ளிப் பிள்ளைகளின் கேள்விக்கு விண்வெளி வீரர்கள் பதில் சொல்வது கேட்கும், சில நாட்களில் ஒலியாக மாற்றிய படங்களை அனுப்புவார்கள், அந்த ஒலியை போனில் ஒரு செயலிக்குக் கேட்கவைத்தால் படம் வரி வரியாக விரியும். டைபோல் 98 செ.மீ., ரிஃப்ளெக்டர் 103, டைரக்டர் 93. பிவிசி குழாயில் மாட்டினால் ஒரு கையால் தூக்கிப் பிடிக்கலாம். நிலையம் அடிவானத்துக்கு மேலே இருப்பது அதிகபட்சம் பத்து நிமிடம் போல, அது போகும் பாதையில் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். என் அக்கா மகள் இதைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றபோது, மேலே போகும் ஒளிப்புள்ளியும் காதில் வரும் சத்தமும் ஒன்றுதான் என்று அவள் புரிந்துகொண்ட அந்த நொடியில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கேட்பது வேறு, திருப்பிப் பேசுவது வேறு. இந்த ஆன்டெனாவில் ஒலிபரப்ப வேண்டுமென்றால் அமெச்சூர் ரேடியோத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும், 12 வயது முடிந்தவர் யாரும் எழுதலாம்.

வானிலைச் செயற்கைக்கோள் படத்துக்கு இன்னும் குறைந்த வேலை. 53.4 செ.மீ. கம்பி இரண்டு, அவற்றுக்கு இடையே 120 பாகைக் கோணம், ஆங்கில வி எழுத்துப் போலப் படுக்கவைத்தால் 137 மெகா ஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா தயார். கணினியில் சொருகும் எஸ்.டி.ஆர். என்ற சின்ன ரேடியோ வேண்டும். இதற்குப் பல வருடம் எல்லோரும் பயன்படுத்திய அமெரிக்காவின் நோவா 15, 18, 19 மூன்றும் 2025-இல் ஓய்வுபெற்றுவிட்டன, பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு அவற்றைத் தேடாதீர்கள். ரஷ்யாவின் மீட்டியோர் வரிசைச் செயற்கைக்கோள்கள் அந்தப் பட்டையில்தான் அனுப்புகின்றன.

முடியாததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். வை-ஃபை ரௌட்டர் பக்கத்தில் டிவி ஆன்டெனாவை மாட்டினால் வேகம் கூடும் என்பது பொய். 2.4 கிகா ஹெர்ட்ஸ் வை-ஃபை அலையின் நீளம் 12.5 செ.மீ., இரண்டு மீட்டர் கம்பிக்கும் அதற்கும் எந்த ஒட்டும் இல்லை. ஆன்டெனாவிலிருந்து இலவச மின்சாரம் எடுத்து பல்பு எரிப்பதாகக் காட்டும் வீடியோக்களில் எங்கேயோ ஒரு பேட்டரி ஒளிந்திருக்கிறது. காற்றில் வரும் ரேடியோ அலையில் இருப்பது ஊசி முனையளவு சக்தி, ரேடியோ அதைப் பல லட்சம் மடங்கு பெருக்கித்தான் நமக்குப் பாட்டாகத் தருகிறது.

வேலையெல்லாம் முடிந்து ஆர்ஜி-6 கேபிளில் ஒரு முழம் மிஞ்சினால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். மேலுறையையும் வலையையும் உரித்து, நடுக்கம்பி 6.9 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டினால், 1090 மெகா ஹெர்ட்ஸில் பெரும்பாலான பயணிகள் விமானங்கள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டே போவதை அதே எஸ்.டி.ஆர். பிடித்துக் கணினித் திரையில் வரைபடமாகக் காட்டும். நான் அதைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்திருக்கிறேன்.